பூஜை அலமாரியில் ஓர் இருட்டு எல்ஃப்

நம் வயதுக்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. தலைக்குச் சாயம் பூசுகிறவர்கள் ஒரு கட்சி. பூசிப் பூசி அலுத்துப்போய் விட்டுவிட்டவர்கள் இன்னொன்று. நான் போன தை மாதம் கட்சி மாறினேன். சித்திரைக்குள் தலை முழுக்க வெளுத்துவிட்டது. நிறத்தில் நான் நல்ல கருப்பு. கல்யாணத் தரகர்கள் 'மாநிறம்' என்று ஒரு பொய் சொல்வார்களே, அந்தப் பொய்யைச் சொல்ல அவர்களுக்கே வாய் வராத அளவுக்குக் கருப்பு. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடியில் கருத்த முகமும் வெள்ளைத் தலையுமாக ஒருத்தி நிற்கிறாள். "அட, நீயா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவளை எனக்குப் பதினோரு வயதிலிருந்தே தெரியும். ஈயத்தில் வார்த்த பொம்மை. சுண்டுவிரல் உயரம்தான் இருப்பாள். இருட்டு எல்ஃப் என்று பெயர். நாற்பது வருடமாக எங்கள் அம்மா வீட்டுப் பூஜை அலமாரியில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் நிற்கிறாள். அவள் அங்கே எப்படி வந்தாள் என்பது ஊருக்கே தெரிந்த வேடிக்கை. அதில் நான் செய்த திருட்டு வேலை மட்டும் யாருக்கும் தெரியாது. போன மாதம்தான் வாய் திறந்தேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன், மனசு லேசாக இருக்கிறது.

அப்போது தாமிரபரணிக் கரை வண்ணார்பேட்டையில் இருந்தோம். பஸ் சத்தத்துக்கு நடுவில் ஒரு மச்சு வீடு. அந்தக் கோடை லீவுக்கு அமெரிக்காவிலிருந்து பெரியம்மாவும் அவள் மகனும் வந்து இரண்டு மாதம் தங்கினார்கள். அண்ணனுக்குப் பதினைந்து வயது. ஏழு வயது வரை இங்கே வளர்ந்துவிட்டு விமானம் ஏறியவன் என்பதால் அவனுடைய தமிழ் அந்த ஏழு வயதிலேயே உறைந்துபோயிருந்தது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு "ஏட்டி, இங்கன வந்து பாரு" என்பான். பக்கத்து வீட்டுப் பையன் அதைக் கேட்பதற்காகவே எங்கள் வீட்டுக்கு வருவான்.

பெரியம்மாவின் பெட்டியில் சோப்பும் பவுடரும் இருந்தன. என் தங்கைக்கு ஐந்து வயது, சிவத்த பிள்ளை. பெரியம்மா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவளுக்கு இந்தச் சோப்ப விடாமப் போடு. கொஞ்சம் நெறம் வரும்" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சோப்பை வாங்கி அலமாரியில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு வலித்தது. ஏனென்றால் அம்மாவிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. பங்குனி பிறந்தால் போதும், தினமும் மத்தியானம் என்னைப் பிடித்து உட்கார வைத்து, பயத்தமாவும் சந்தனமும் நுங்குத் தண்ணீரும் குழைத்துக் கழுத்திலிருந்து முதுகு வரை அப்புவாள். தங்கைக்குக் கிடையாது. எனக்கு மட்டும். காய்ந்து இழுக்கும்போது அழுகை அழுகையாக வரும். என் கருப்பைச் சுரண்டி எடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் கையைத் தட்டிவிட்டு ஓடுவேன்.

அண்ணனின் பெட்டியில் இருந்தது வேறு. அட்டைப் பெட்டி ஒன்று. திறந்ததும் புதுக் காகித வாசனையும் பெயிண்ட் வாசனையும் கலந்து அடித்தது. தடித்த புத்தகங்கள், கட்டம் போட்ட தாள்கள், கற்கண்டு மாதிரி பல முகங்களுடன் கலர் கலராகப் பகடைகள். ஒரு பகடையைத் தங்கை வாயில் போட்டுவிட்டாள். விரல் விட்டு எடுத்தோம். பஞ்சில் சுற்றிய சின்னச் சின்ன ஈயப் பொம்மைகளும் இருந்தன.

அது என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். பேரப்பிள்ளை இருக்கிறவர்கள் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம். நான் அன்று புரிந்துகொண்டது இதுதான்: ஒருவன் கதை நடத்துவான், மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். எந்தக் கதவைத் திறப்பது, எந்தப் பூதத்தோடு மோதுவது என்று நாமே சொல்லலாம். நாம் சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வெற்றி தோல்வி கிடையாது, கதை மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் வாள்வீரன் ஆனான். தங்கைக்கு எல்ஃப் இளவரசி. எல்ஃப் என்றால் கூர்க்காது வைத்த ஒரு மாயக் கூட்டம், பால் நிறம், பொன் முடி. நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது.

அவள் கருப்பு. நிழலுக்காகத் தீட்டிய கருப்பு இல்லை, மெய்யாகவே கருப்பு. இடுப்பு வரை வெள்ளை முடி. முதுகை நிமிர்த்தி நின்றாள். என் நிறத்தில் ஒருத்தி புத்தகத்தில் அவ்வளவு அழகாக நின்று அதுவரை நான் பார்த்ததில்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் கருப்பாக இருந்ததெல்லாம் காக்கையும் எருமையும்தான்.

"நான் இவதான்" என்றேன்.

அண்ணன் கொஞ்சம் தயங்கினான். "அது இருட்டு எல்ஃப்ட்டி. எதிரிக் கூட்டம்லா. சரி, வச்சுக்கோ."

பஞ்சுக்குள்ளிருந்து அந்தப் பொம்மையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சில்லென்று இருந்தது.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் சொல்வேன். மச்சில் ஓட்டுச் சூடு இறங்கும். கீழே கண்டக்டர்கள் ஊர் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். அதற்கு நடுவில் நாங்கள் மண்ணுக்கடியில் இருக்கும் ஒரு நகரத்தில் நடந்துகொண்டிருப்போம். இருட்டு எல்ஃப்களின் நகரத்தில் பெண்கள்தான் ராஜ்ஜியம் செய்வார்கள் என்று அண்ணன் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. அவர்களுக்கு இருட்டில் கண் தெரியுமாம். அன்றைக்கே கரண்ட் போனது. மற்றவர்கள் தட்டுத் தடுமாற, நான் மச்சுப் படியில் தடதடவென்று இறங்கிக் காட்டினேன். கடைசிப் படியில் முழங்கால் தோல் பெயர்ந்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

இருபது முகப் பகடை ஒரு நாள் ஜன்னல் வழியாகக் குதித்துச் சாக்கடையில் போய்விட்டது. அண்ணன் அழுதேவிட்டான், பதினைந்து வயதுத் தடியன். நான்தான் வழி சொன்னேன். இருபது புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்து ஒரு பக்கம் வெள்ளையாக்கி, மையால் ஒன்றிலிருந்து இருபது வரை எழுதிச் செம்பில் போட்டுக் குலுக்கினோம். எடுத்த கொட்டையில் எவ்வளவு பெரிய எண்ணோ அவ்வளவு நல்லது. அமெரிக்கப் பூதங்கள் எல்லாம் அதற்குப் பிறகு புளியங்கொட்டைக்குக் கட்டுப்பட்டே செத்தன.

ஊருக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது அண்ணன் எங்கள் ஒவ்வொருவரின் தாளையும் சரிபார்த்தான். வேஷத்தின் பலம், அறிவு எல்லாம் எழுதிய தாள். அதில் 'சுபாவம்' என்று ஒரு கட்டம் உண்டு. என்னுடையதில் அது காலியாக இருந்தது. அவன் புத்தகத்தைப் பார்த்து, பென்சிலால் 'கெட்டது' என்று எழுதினான்.

"நான் என்ன கெட்டது செஞ்சேன்?" என்றேன். அந்த இரண்டு மாதத்தில் வாள்வீரனை இரண்டு முறை, இளவரசியை மூன்று முறை காப்பாற்றியவள் நான்.

"நீ செய்யல. இருட்டு எல்ஃபுன்னா அப்படித்தான். புஸ்தகத்துல எழுதிருக்கு. கடைசி ஆட்டத்துல அது எல்லாரையும் காட்டிக்கொடுக்கும். அப்புறம் வாள்வீரன் அதக் கொன்னுருவான். நான் கதை எழுதி வச்சாச்சு."

"மாத்தி எழுதேன்."

"அப்படி மாத்தக்கூடாதுட்டி. ரூல்."

அவன் கெட்டவன் இல்லை. சட்டம் பேசுகிற வயது. ஆனால் கருப்பாக இருக்கிற ஒருத்தி அழகாக நிற்கிறாள் என்று இரண்டு மாதம் நம்பிவிட்டேன். அவள் ஏன் கருப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. பொம்மையை எடுத்துக்கொண்டு கீழே ஓடி, கட்டிலுக்கடியில் வீசிவிட்டுப் பின்வாசலில் போய் அழுதேன்.

மறுநாள் பெருக்கும்போது அம்மா அதைக் கண்டெடுத்தாள். கருத்த மேனி, விரிந்த தலை, கையில் பாம்புத் தலைச் சாட்டை, காலடியில் ஒரு சிலந்தி. அம்மாவுக்கு வேறென்ன தோன்றும்? யாரோ வேண்டுதலுக்கு வாங்கிவைத்த இசக்கியம்மன் என்று நினைத்துவிட்டாள். "அம்மன இப்படியா தரையில போடுவாவ" என்று பதறி, மஞ்சள் தண்ணீரில் கழுவி, பொட்டு வைத்து, பூஜை அலமாரியில் வைத்துத் தீபமும் காட்டிவிட்டாள். நாங்கள் மச்சிலிருந்து இறங்கி வந்தபோது இருட்டு எல்ஃப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒற்றை நந்தியாவட்டைப் பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து வீட்டுப் பையன் சிரித்த சிரிப்பில் கீழே விழுந்தான். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனே பெயிண்ட் அடித்த பொம்மை.

"சித்தி, அது சாமி இல்ல. பொம்மை. அதுவும் கெட்ட பொம்மை."

"யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல எழுதிருக்கு."

"என்னன்னு எழுதிருக்கு? வாசி, கேப்போம்."

அண்ணன் ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து வரிவரியாகத் தமிழில் சொன்னான். "இவங்க முந்தி மேல வெளிச்சத்துல இருந்தாங்க. பாவம் செஞ்சாங்க. அதுக்குத் தண்டனையா மேலெல்லாம் கருத்துப் போச்சு. மண்ணுக்கடியில துரத்திட்டாங்க. பொறக்கும்போதே கெட்டவங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"பொறக்கும்போதேயா?"

"ஆமா சித்தி. எல்லாருமே."

அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இத எழுதும்போது அவகிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களாய்யா?" என்றாள்.

அண்ணன் அதற்கு ஒரு ரூல் தேடிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினான்.

"நம்ம இசக்கி என்ன வெள்ளையாவா இருக்கா? கோவக்காரிதான். அதுக்காகக் கெட்டவளாயிருவாளா? சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நாளைக்கி வெள்ளிக்கிழம. பூக்கட்டிக் கேட்டுருவோம்."

உங்கள் வீடுகளிலும் இது நடந்திருக்கும். ஒரு முடிவு எடுக்க முடியாமல் போனால், வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் பொதிந்து நாரால் கட்டி, சாமி முன்னால் வைத்து, சின்னப் பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வது. அம்மா சொன்ன கணக்கு இது: வெள்ளை வந்தால் அவள் நல்லவள், இங்கேயே இருக்கட்டும். சிவப்பு வந்தால் புத்தகம் சொல்வது சரி, பொம்மையை எடுத்துக்கொண்டு போகலாம். அண்ணன் சட்டென்று ஒத்துக்கொண்டான். "பகடை மாதிரிதான? சரி சித்தி. வெள்ளை வந்தா தாள்லயும் மாத்தி எழுதிருதேன்."

பாதிக்குப் பாதி. எனக்கு அது போதாது. சாமி முன்னால் சிவப்பு வந்துவிட்டால் அப்புறம் புத்தகம் மட்டுமா சொல்லும்? அம்மனே சொன்னதாக ஆகிவிடும். கருப்பாகப் பிறந்தவள் பிறவியிலேயே கெட்டவள் என்று பூஜை அறையில் தீர்ப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு நான் எங்கே போவேன்? சிரிக்காதீர்கள், பதினோரு வயதில் நான் மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில், யாரும் எழுவதற்கு முன் பின்வாசல் நந்தியாவட்டைச் செடியில் இரண்டு பூப் பறித்தேன். வாழையிலையைக் கிழித்தேன். இரண்டு பொட்டலம், இரண்டிலும் வெள்ளை. பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டேன். அம்மா குளித்துவிட்டு வந்து, அவள் கட்டிய இரண்டு பொட்டலங்களைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, தங்கைக்குத் தலை சீவப் போனாள். அந்த இடைவெளி போதுமாக இருந்தது. அவளுடையதை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். அவசரத்தில் முழங்கை பட்டு மணி ஒரு தடவை 'கிண்' என்றது. யாரும் வரவில்லை.

கற்பூரம் ஏற்றினார்கள். பெரியம்மா கூடக் கை கூப்பி நின்றாள். தங்கை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா நாரைப் பைய அவிழ்த்தாள்.

வெள்ளை.

"பாத்தியா" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

அண்ணன், "இன்னொன்னையும் பிரிச்சுப் பாப்போம்" என்று கை நீட்டினான். எனக்கு உயிரே போய்விட்டது. "அதப் பிரிக்கக்கூடாதுய்யா. ஆத்துல விடணும்" என்று அம்மா அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அம்மன் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போனபோது, அம்மா ஒரு படியில் நின்று அந்தப் பொட்டலத்தை ஆற்றில் விட்டாள். நான் நாலு படி தள்ளி நின்று, அவள் கட்டிய இரண்டு பொட்டலங்களையும் பிரிக்காமலே விட்டேன். பிரித்துப் பார்க்கப் பயம். தாமிரபரணி மூன்றையும் ஒரே வேகத்தில் கொண்டுபோனது.

அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. 'கெட்டது' என்பதை ரப்பரால் அழித்து 'நல்லது' என்று எழுதினான். கடைசி ஆட்டத்துக்குக் கதையையும் மாற்றினான். பொம்மை பூஜையில் இருந்ததால் என் இடத்தில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தினோம். மண்ணுக்கடி நகரத்திலிருந்து எல்லாரும் தப்பி ஓட, பாலத்தில் நான் ஒருத்தி நின்று துரத்தி வருகிற படையைத் தடுக்க வேண்டும். பதினெட்டுக்கு மேல் வந்தால் பிழைப்பேன். இல்லாவிட்டால் பாலத்தோடு போய்விடுவேன்.

"இத நான்தான் எடுப்பேன்" என்றான் அண்ணன். செம்பைக் குலுக்கி, ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்து, கையை மூடிக்கொண்டான்.

"இருபது!"

நான் போட்ட கூச்சலில் கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் என்னைத் தூக்கிச் சுற்றினான். தங்கை எதற்கென்று தெரியாமலே கைதட்டினாள்.

அவர்கள் ஊருக்குப் போனார்கள். பொம்மை நின்றுவிட்டது. எனக்குப் பயம் ஆரம்பித்தது.

அந்த ஐப்பசியில் அம்மா டைபாய்டில் விழுந்தாள். இருபது நாள். நான் சாமி முன்னால் ஏமாற்றியதற்குத்தான் இது என்று தலைமாட்டில் உட்கார்ந்து நடுங்கினேன். அம்மா பிழைத்தாள், பயம் போகவில்லை. பரீட்சையில் கணக்கு சொதப்பினாலும் அலமாரியில் நிற்கிறவள்தான், பஸ்ஸைத் தவறவிட்டாலும் அவள்தான். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு 'ஜாதகம் பொருந்தல' என்று சொல்லி அனுப்புவார்கள். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். என் நிறம்தான் காரணம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அதற்கு மேலும் ஒரு காரணம் தெரியும். நல்லவள் என்ற தீர்ப்பை நான் திருடி வாங்கியவள். நான்காவதாக வந்தவர் என்னைக் கட்டிக்கொண்டார், நன்றாகவே வைத்துக்கொண்டார், இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அலமாரிக்கு முன் நின்று, பிள்ளையாரைக் கும்பிடுவேன், முருகனைக் கும்பிடுவேன், நடுவில் நிற்கிறவளின் கண்ணைப் பார்க்க மாட்டேன்.

போன மாதம் அண்ணன் அம்மா வீட்டுக்கு வந்தான், நானும் போயிருந்தேன். தலையில் ஒரு முடி இல்லை. பேச்சு மட்டும் அதே ஏழு வயது. "ஏட்டி, நீயே இருட்டு எல்ஃபா ஆயிட்டியே!" என்று என் தலையைப் பார்த்துச் சிரித்தான். அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுபத்துநாலு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

அண்ணன் இன்னும் அந்த விளையாட்டை விடவில்லை. அமெரிக்காவில் அவனையொத்த கிழவர்கள் வாரம் ஒரு நாள் கூடி விளையாடுகிறார்களாம். இருட்டு எல்ஃப் எங்கிருந்து வந்தது என்று தேடியும் படித்திருக்கிறான். வடக்கே குளிர் நாட்டுப் பழங்கதை ஒன்றில், வெளிச்சத்தில் வாழ்கிறவர்கள், மண்ணுக்கடியில் வாழ்கிறவர்கள் என்று இரண்டு வகை எல்ஃபைச் சொல்லியிருக்கிறதாம். கீழே இருப்பவர்கள் கருப்பு, குணமும் வேறு என்று ஒன்றிரண்டு வரி, அதற்கு மேல் அதிகமில்லை. விளையாட்டு எழுதியவர்கள் அந்த ஒன்றிரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு நகரம், ராணி, சிலந்தித் தெய்வம், பிறவிக் கெட்ட புத்தி என்று கட்டிவிட்டார்கள். ரொம்ப வருடம் விளையாடியவர்களே சண்டை போட்டு, இப்போது வருகிற புத்தகங்களில் அதை மாற்றிவிட்டார்களாம். பிறப்பில் ஒன்றுமில்லை, அவரவர் நடத்தைதான் என்று.

"நம்ம சித்தி அத நாப்பது வருசத்துக்கு முன்னாலயே மாத்திட்டா" என்றான்.

எனக்கு அப்போது தாங்கவில்லை. இருவரும் எதிரில் இருக்கிறார்கள், இனி எப்போது இப்படிக் கூடுவோமோ தெரியாது. "அம்மா மாத்தல. நான் மாத்தினேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டிலும் வெள்ளை வைத்தது, தாம்பாளத்தில் மாற்றியது, ஆற்றில் விட்டது, டைபாய்டு. சொல்லச் சொல்லக் குரல் பதினோரு வயதுக்குப் போய்விட்டது. "சிவப்பு வந்திருந்தா என்ன செய்ய? அந்தப் பயத்துலதாம்மா..."

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தேன்.

"செவப்பா? நான் எங்கட்டி செவப்பு வச்சேன்?"

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டுலயும் நந்தியாவட்டந்தான். நான் கட்டுனதும் வெள்ளதான். நீ வெள்ளைய எடுத்துட்டு வெள்ளைய வச்சிருக்க, கோட்டிக்காரி."

"அம்மன ஏமாத்தலாமாம்மா?"

"அவளும் பொம்பளதான, அவளுக்குத் தெரியாதா? எம் பிள்ளையக் கதவோரத்துல நிறுத்தி வச்சுக்கிட்டு, கருப்பாப் பொறந்தவ எல்லாம் கெட்டவன்னு இவன் வாசிக்கான். அதுல செவப்பு வேற வந்து தொலைக்கணுமா? அதுக்கு நான் எடம் வைப்பேனா? மத்த பொட்டலத்த எதுக்கு அவசரமா இடுப்புல சொருகினேன்னு நெனச்ச? இந்தப் பய பிரிச்சுருவான்னுதான்."

நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால் இரண்டும்தான். நாற்பது வருடம் என் தோளில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போய்விட்டது. ஒரு வெள்ளைப் பூவுக்குப் பதில் இன்னொரு வெள்ளைப் பூ. இதற்குப் போயா இத்தனை ஐப்பசி நடுங்கினேன்!

அண்ணன் எழுந்து உள்ளே போனான். பழைய மருந்து டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, திறந்து, என் கையில் கவிழ்த்தான். ஒரு புளியங்கொட்டை. தேய்த்த பக்கத்தில் மை மங்கியிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. மூன்று.

"அன்னைக்கி வந்தது இதுதாண்ட்டி" என்றான். "ரூல் பேசுனவன்லா, அதான் வெளியில சொல்ல முடியல. தூரப் போடவும் முடியல."

அம்மா எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கீரையை எடுத்தாள். எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இவ்வளவு கேட்டாயிற்று, அதையும் கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

"அப்ப எதுக்கும்மா தெனமும் எனக்கு மட்டும் அந்த மாவ அப்புன? நான் வெளுக்கணும்னுதான?"

அம்மா நிமிர்ந்து பார்த்த பார்வையில் மெய்யான ஆச்சரியம். "வெளுக்கவா? ஏட்டி, உனக்கு வேர்க்குரு. வெயில்ல ஆடிட்டு வந்து ராவும் பகலும் முதுகச் சொறிஞ்சு ரத்தம் வர வச்சிருப்ப. தங்கச்சி வீட்டுக்குள்ளயே கெடக்கும், அதுக்கு எதுக்கு? உங்க பெரியம்மா தந்த சோப்புல நான் எண்ணெய்த் துணிதான் தொவைச்சேன்."

அம்மா கையை நீட்டி என் ரவிக்கைக் கழுத்தைச் சற்று விலக்கிப் பார்த்தாள்.

"இப்பவும் இருக்கே. எப்படிப் பொரிஞ்சு கெடக்கு பாரு. ஐயா, அந்தக் கொல்லையில நுங்கு இருக்கு, ரெண்டு எடுத்துட்டு வா."

அண்ணன் நுங்கு எடுக்கப் போனான். நான் புளியங்கொட்டையைக் கொண்டுபோய் அலமாரியில் அவள் காலடியில் வைத்தேன். பொட்டு நெற்றி முழுக்கப் பரவி, வெள்ளை முடியில் பெயிண்ட் உரிந்து, அதே நிமிர்ந்த முதுகோடு நின்றாள். கண்ணைப் பார்த்தேன். பிறகு வந்து அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. இந்தத் தடவை நான் தட்டிவிடவில்லை.